வித்வான்களைப் பத்தி நாடகம் போடுதீங்களா? அடிக்கடி வார சந்தேகங்களும் பதில்களும்

திருநெல்வேலி, தென்காசி, கோவில்பட்டி பக்கம் ஸ்கூல் ஆண்டு விழா, சபா நாடகம், கோயில் கொடைன்னு எதுக்காவது நிஜமா வாழ்ந்த சங்கீத வித்வான்களைப் பத்தி நாடகம் எழுதுறவங்க, ஸ்கிரிப்டைத் தூக்கிட்டு வந்து "இதுல தப்பு ஏதும் இருக்கா பாருங்க"ன்னு கேக்கது இப்போ வழக்கமாயிட்டு. வார சந்தேகம் பூரா திரும்பத் திரும்ப ஒண்ணு தான். ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி முடியல, அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன். கேள்வியை அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

அண்ணாச்சி, நாடகம்னாலே கற்பனை தானே? சரித்திரம் சரியா இருக்கணும்னு எதுக்கு இவ்ளோ மெனக்கெடணும்?

கற்பனை தான், யாரு இல்லேன்னா. 1835ல எட்டயபுரம் அரண்மனையில ரெண்டு பேரு என்ன பேசிக்கிட்டாங்கன்னு எவனும் எழுதி வைக்கல, அதனால வசனம் பூரா நீங்க தான் எழுதியாகணும், அதுல யாரும் உங்களைக் குத்தம் சொல்ல முடியாது. நேரத்தைச் சுருக்குறது, மூணு ஊர்ல நடந்ததை ஒரே சீன்ல கொண்டாறது, பேர் தெரியாத வேலைக்காரருக்கு ஒரு பேர் வைக்கது, எல்லாம் செய்யலாம்.

ஆனா யாரு யாருக்கு குரு, எந்தப் பாட்டு யாரோடது, யாரு எப்போ செத்தாங்க, இந்த மூணுலயும் கைய வைக்காதீங்க. புத்தகத்துல படிச்சா மனுஷன் கொஞ்சமாவது யோசிப்பான், மேடையில வேஷம் கட்டி ஒருத்தர் வந்து நின்னுட்டா ஜனம் அப்படியே நம்பிரும். அப்புறம் ஏழு தலைமுறைக்கும் அது தான் வரலாறு. இதுக்கு ஒரு நல்ல உதாரணம் கீழ வில்லன் கேள்வியில வருது.

நம்ம பக்கத்துல நாடகம் போடுற அளவுக்கு வித்வான்லாம் இருக்காங்களா? எல்லாம் தஞ்சாவூர்க்காரங்க தானே?

இதைக் கேட்டா தான் எனக்குக் கோவம் வரும். பழைய திருநெல்வேலி ஜில்லாவை மனசுல வச்சுக்கிட்டு எண்ணுங்க. சேரன்மாதேவி பக்கம் காருகுறிச்சி அருணாசலம், நாயனம்னு நாம சொல்லுத நாதஸ்வரத்துல ராஜா. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877-1945), கதாகாலட்சேபம் பண்ணினவரு, மைசூர் மகாராஜா கேட்டு சாமுண்டீஸ்வரி மேல 108 கீர்த்தனை போட்டவரு, கர்ணரஞ்சனி மாதிரி ராகம்லாம் அவர் கைவண்ணம், மதுரை மணி ஐயர் அவர் சிஷ்யரு. சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், காவடிச்சிந்துன்னாலே அவர் தான், ஊத்துமலை ஜமீன்ல இருந்தவரு. நாடக மேடையில பாடி நடிச்ச செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. நாடகத் தலைமை ஆசிரியர்னு சொல்ற சங்கரதாஸ் சுவாமிகளே தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில பிறந்தவரு. ஆலாபனைக்கே பேர்போன விளாத்திகுளம் சாமிகள். கல்லிடைக்குறிச்சியில முத்துசாமி தீட்சிதர் கிருதிகளைக் கட்டிக் காப்பாத்தின பாகவதர்மாரு.

இவ்வளவு பேரு இருக்கையில வருஷா வருஷம் திருவையாறு தியாகராஜரையே போட்டுக்கிட்டு இருக்காங்க. போடக் கூடாதுன்னு இல்ல. நம்ம வீட்டு ஆளையும் ஒரு தடவ பாருங்கன்னு தான் சொல்லுதேன்.

முத்துசாமி தீட்சிதர் எட்டயபுரத்துக்காரர் தானே சார்? அங்க தானே சமாதி இருக்கு?

சமாதி எட்டயபுரத்துல இருக்கு, பிறந்தது திருவாரூர்ல. மணலியில இருந்திருக்காரு, காசியில இருந்திருக்காரு, காஞ்சிபுரம், தஞ்சாவூர், மதுரைன்னு கோயில் கோயிலாப் போயிருக்காரு. எட்டயபுரத்துல ஆஸ்தான வித்வானா இருந்தது அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர். அந்தத் தொடர்பால தான் அண்ணன் இங்க வந்தாரு, 1835 தீபாவளி அன்னைக்கு இங்கயே உயிர் போச்சு.

நாடகத்துல இதை "எட்டயபுரம் மண்ணின் மைந்தர்"னு அறிவிக்கிறாங்க. அப்படி வேணும்னா பாரதியாருக்கு சொல்லிக்கோங்க, அவர் தான் 1882ல அங்க பிறந்தவரு. தீட்சிதர் கடைசிக் காலத்துல வந்து சேர்ந்த விருந்தாளி, அந்தக் கோணத்துல எழுதுனா நாடகத்துக்கே இன்னும் நல்லாருக்கும்.

எட்டயபுரத்துல அமிர்தவர்ஷிணி ராகம் பாடி மழை வரவழைச்சாரே, அது நிஜமா? நாங்க மேடையில தண்ணி ஊத்தலாம்னு இருக்கோம்.

அது வாய்வழியா வார கதை. கரிசக்காடு காஞ்சு கெடக்கு, அவர் "ஆனந்தாம்ருதாகர்ஷிணி"ன்னு பாடுதாரு, "வர்ஷய வர்ஷய"ன்னு வரவும் கொட்டுது. வெள்ளமா வந்ததும் நிறுத்தச் சொல்லி "ஸ்தம்பய"ன்னு பாடினாருன்னும் சேத்துச் சொல்லுவாங்க. பாட்டு நிஜம், அதுல அந்த வார்த்தை இருக்கது நிஜம். மழை பெஞ்சுதுங்கதுக்கு அன்னைக்கு எழுதின கடுதாசி ஏதும் காட்ட முடியாது.

அதுக்காக சீனைத் தூக்கிராதீங்க. எட்டயபுரம் பக்கத்துல போய் மழைக் கதை இல்லாம தீட்சிதர் நாடகம் போட்டா உங்களைத் தான் கேள்வி கேப்பாங்க. நான் சொல்லுத வழி, அதை நடக்குற மாதிரி காட்டாம யாராவது சொல்லுத மாதிரி காட்டுங்க. சம்சாரி ஒருத்தர் வரப்புல உக்காந்து பேரனுக்குச் சொல்லட்டும், பின்னால வீணையும் பாட்டும் போகட்டும். ஊரு இப்படித் தான் நம்புதுங்கது உண்மை, அந்த உண்மையை மேடையில வச்சாச்சு, பொய்யும் சொல்லல. தண்ணி ஊத்துற செலவும் மிச்சம், மைக் வயர்ல ஷாக்கும் அடிக்காது.

அவர் சாகும்போது பாடின பாட்டு பூர்விகல்யாணின்னு போட்டிருக்கோம். சரி தானே?

"மீனாட்சி மே முதம் தேஹி". சிஷ்யர்கள் அதைப் பாட, "மீனலோசனி பாசமோசனி"ங்கிற இடம் வரும்போது உயிர் பிரிஞ்சதுன்னு பரம்பரையா சொல்லுதாங்க. ஆனா ராகத்தோட பேரை அவர் வாயில வைக்கும்போது கவனம். தீட்சிதர் வழியில அது கமகக்கிரியா. இன்னைக்கு கச்சேரியில பூர்விகல்யாணின்னு சொல்லுதோம், சரி, அதை இன்னைக்குள்ள ஆளு சொல்லட்டும்.

அவர் வெங்கடமகி சம்பிரதாயத்துல வந்தவரு, மேளம்னு சொல்லுத தாய் ராகத்துக்கெல்லாம் பேரே வேற. நம்ம நெல்லையப்பர் கோயில் காந்தியம்மை மேல பாடியிருக்காரே "ஸ்ரீ காந்திமதீம்", அதை நாம ஹேமவதிங்கோம், அவங்க கணக்குல தேசிசிம்மாரவம். நாம சண்முகப்பிரியாங்கது அவங்களுக்கு சாமரம். "இந்தக் கூட்டத்துல யாருக்குத் தெரியப் போகுது"ன்னு ஒருத்தர் கேட்டாரு. முன் வரிசையில பாட்டு டீச்சர் ஒருத்தர் உக்காந்திருப்பாங்க, அவங்களுக்குத் தெரியும், அவங்க ஊர் பூரா சொல்லுவாங்க.

வேஷத்துக்கு காலண்டர்ல உள்ள படத்தையே பாத்து மேக்கப் போட்டா போதுமா?

போட்டோன்னு ஒண்ணு உலகத்துக்குத் தெரிய வந்ததே 1839ல. தீட்சிதர் போனது 1835. அப்போ நீங்க பாக்குறது எல்லாம் பின்னால வந்த ஓவியர்கள் மனசுல வரைஞ்சது தான். சங்கீத மும்மூர்த்திகள்னு இன்னைக்கு நம்ம கண்ணுல நிக்குத முகம் பெரும்பாலும் எஸ். ராஜம் வரைஞ்ச படத்துல இருந்து வந்தது, அவரே சங்கீத வித்வான், அதனால மரியாதையா, அழகா வரைஞ்சாரு. அதைப் பாத்து மேக்கப் போடுங்க, தப்பில்ல, ஜனத்துக்கு அடையாளம் தெரியும். ஆனா "அசல் தோற்றம்"னு நோட்டீஸ்ல அடிக்காதீங்க.

அந்தக் காலத்துல வயலின் ஏது? ராஜா சபை சீன்ல வயலின் வச்சதுக்கு ஒரு பெரியவர் சத்தம் போட்டாரு.

பெரியவரைக் கூப்பிட்டு காப்பி வாங்கிக் கொடுத்து விவரம் சொல்லுங்க. எட்டயபுரம் சபையில வயலின் இருந்தா தப்பே இல்ல, இல்லேன்னா தான் தப்பு. வெள்ளைக்காரங்க வாசிச்ச வயலினைக் கத்துக்கிட்டு நம்ம சங்கீதத்துக்குக் கொண்டாந்த ஆட்கள்ல முதல்ல சொல்லுத பேரே மேல சொன்ன தம்பி பாலுசாமி தீட்சிதர் தான். பெரிய தீட்சிதரும் இங்கிலீஷ் பேண்டு மெட்டுக்கெல்லாம் சமஸ்கிருதத்துல சாகித்தியம் போட்டிருக்காரு, நோட்டுஸ்வரம்னு சொல்லுவாங்க, அதுல "சந்ததம் பாஹிமாம்" பிரிட்டிஷ்காரங்க ராஜ வாழ்த்து மெட்டு. மேடையில பாடிப் பாருங்க, ஜனம் சினிமாக்காரன் வேலைன்னு சிரிக்கும், ஆனா சத்தியமான விஷயம்.

ஆர்மோனியம் தான் கூடாது. அது பிரான்ஸ்ல உருவானதே 1840 வாக்குல. பின்பாட்டுக்கு உங்க ஆர்மோனியக்காரர் மேடை ஓரத்துல உக்காந்து வாசிக்கட்டும், அது உங்க கம்பெனி சமாச்சாரம். தீட்சிதர் முன்னால பெட்டியை வைக்காதீங்க. நாயனமும் பாத்துக்கிடுங்க: இன்னைக்கு நாம பாக்குற நீளமான பாரி நாயனத்தை நிலைநிறுத்தினது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, அதுக்கு முந்தி குட்டையான திமிரி, சுருதி தூக்கலா இருக்கும். போல்ட்டு முடுக்கின பளபளப்பான தவிலும் நம்ம காலத்துச் சரக்கு, பழசெல்லாம் தோல்வார் போட்டு இழுத்துக் கட்டினது. வாடகைக்குக் கிடைக்கலேன்னா போல்ட்டு தெரியாம ஒரு பட்டுத் துணியைச் சுத்திருங்க, முடிஞ்சுது.

அண்ணே, தில்லானா மோகனாம்பாள் படத்துல வாசிச்சது காருகுறிச்சி தானே? அந்த பிட்டை நாடகத்துல போடலாமா?

இல்ல. இந்தக் கேள்வி வராத மாசமே கிடையாது. அந்தப் படம் 1968. காருகுறிச்சியார் 1964லயே போயிட்டாரு, நாப்பது சொச்சம் வயசு தான். அந்தப் படத்துல வாசிச்சது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்.

காருகுறிச்சியார் வாசிச்ச படம் கொஞ்சும் சலங்கை, 1962. "சிங்காரவேலனே தேவா", ஆபேரி, பாடினது எஸ். ஜானகி. திரையில நாயனத்தோட உக்காந்திருக்கது ஜெமினி கணேசன், பாடுத மாதிரி நடிச்சது சாவித்திரி. அதனால காருகுறிச்சியாரும் சாவித்திரியும் எதிர் எதிரே உக்காந்து போட்டி போடுத மாதிரி சீன் எழுதாதீங்க, ஒரு ஸ்கிரிப்ட்ல அப்படி இருந்துது, அடிச்சுட்டேன்.

ராஜரத்தினம் பிள்ளை தன் சிஷ்யன் காருகுறிச்சி வாசிச்ச சிங்காரவேலனைக் கேட்டு கண் கலங்குற மாதிரி கிளைமாக்ஸ் வச்சிருக்கோம். நல்லா இருக்கா?

கண்ணுல தண்ணி வரும், ஆனா நடக்க வழியில்ல. ராஜரத்தினம் பிள்ளை செத்தது 1956, பாட்டு வந்தது 1962.

இந்த மாதிரி தப்பு வார இடம் எப்பவும் ஒண்ணு தான். எழுதுறவங்களுக்கு ஒரு பெரிய குரு, ஒரு பெரிய சிஷ்யன், ஒரு பெரிய பாட்டு மூணும் தெரியும், மூணையும் ஒரே மேடையில ஏத்தணும்னு ஆசை வந்துரும். சங்கரதாஸ் சுவாமிகள் கிட்டப்பாவையும் அவர் கூட நடிச்ச கே.பி. சுந்தராம்பாளையும் ஆசீர்வாதம் பண்ணுத மாதிரி இன்னொரு ஸ்கிரிப்ட். சுவாமிகள் 1922ல போயிட்டாரு, அவங்க ரெண்டு பேரும் கொழும்புல சேர்ந்து நடிச்சதே அதுக்கு அப்புறம். எழுத உக்காருறதுக்கு முன்னால ஒரு பேப்பர்ல ஆளுக்கு ஒரு கோடு போட்டு பிறந்த வருஷம், செத்த வருஷம் குறிச்சு வையுங்க, இந்தத் தொல்லையே வராது.

குரு கண் கலங்கணும்னா சிஷ்யன் தோடி வாசிக்கட்டும், அவர் உயிரோட இருக்கையில. ராஜரத்தினம்னா தோடி தானே. சினிமா பாட்டை விட அது நல்லாத் தான் இருக்கும், நல்ல வாசிப்பு கிடைச்சா.

எங்க நடிகருக்கு நாயனம் பிடிக்கவே தெரியாது. ரெக்கார்டு போட்டு சும்மா வாயில வச்சா தெரியுமா?

நம்ம ஊர்ல தெரியும். கல்யாணம், கொடை, தேரோட்டம்னு பாத்துப் பாத்து வளந்த ஜனம், நாயனத்துல விரலு எப்படி ஓடும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். வாசிப்பை விடுங்க, வாசிக்கதுக்கு முந்தி என்ன செய்யுதாங்கன்னு பாருங்க: ஊதுற நாக்கான சீவாளியைக் கழட்டி வாயில போட்டு ஈரமாக்குவாரு, ஒரு பீப்பி ஊதிப் பாப்பாரு, பிடிக்கலேன்னா நாயனத்துல தொங்குற சரத்துல இருந்து வேற சீவாளி எடுப்பாரு, குச்சியால வாயை லேசா விரிச்சு மறுபடி ஊதுவாரு. இதை மட்டும் ஒரு நாயனக்காரர் வீட்டுல உக்காந்து கத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. அந்த ஒரு நிமிஷத்தைச் சரியாச் செஞ்சா அதுக்கு அப்புறம் ரெக்கார்டு ஓடினாலும் ஜனம் மன்னிச்சுரும். முதுகைக் காட்டி உக்காருறது, தூணு மறைவு எல்லாம் அடுத்த வழி.

கிட்டப்பா, சுந்தராம்பாள் கதை எடுக்கோம். சுந்தராம்பாள்னாலே வெள்ளைச் சேலை, விபூதி தானே?

அவ்வையார் படம் பாத்த பழக்கம். அது 1953. கிட்டப்பா 1933 டிசம்பர்ல இருபத்தேழு வயசுல போனாரு, அந்தம்மா வெள்ளைக்கு மாறினது அதுக்கு அப்புறம். அவங்க காதல் நடந்த காலத்துல அவங்களுக்கு இருபது வயசு ஒட்டி, மேடையில கொடிகட்டிப் பறந்த நடிகை, நகையும் பட்டுமா தான் இருந்திருப்பாங்க, ராஜபார்ட்டும் கட்டியிருக்காங்க. முதல் சீன்லயே வெள்ளைச் சேலையில கொண்டாந்தா கடைசி சீனுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

இன்னொண்ணு, செங்கோட்டை அப்போ திருவிதாங்கூர் ராஜா சீமை. 1956 நவம்பர் 1 தான் நம்ம ஜில்லாவோட சேர்ந்தது. செங்கோட்டை தெருவுல மெட்ராஸ் போலீஸ் வந்து மிரட்டுத மாதிரி சீன் இருந்தா ஊரை மாத்துங்க, இல்ல போலீஸை மாத்துங்க. சின்ன வயசுக் கிட்டப்பா கடையில மிட்டாய் வாங்குத சீன்ல சக்கரம்னு காசைச் சொன்னா அந்தப் பக்கத்துப் பெரியவங்க நிமிந்து உக்காருவாங்க.

கிட்டப்பாவுக்கு முதல் மனைவி இருந்ததை மறைச்சு எழுதுறாங்க, அது வேண்டாம். அந்தம்மாவை வில்லியா ஆக்குறதும் வேண்டாம். ஒரு சீன் கொடுங்க, மனுஷியா பேச விடுங்க.

எட்டப்பன்னு பேரைக் கேட்டாலே கூட்டம் கத்துது அண்ணாச்சி. தீட்சிதர் நாடகத்துல ராஜா பேரை எடுத்துரலாமா?

எட்டப்பன்ங்கது ஒரு ஆளு பேரு இல்ல, அந்த வம்சத்துப் பட்டப் பேரு. வரிசையா வந்த ராஜாக்களுக்கெல்லாம் அது உண்டு. கட்டபொம்மனை கயத்தாறுல தூக்குல போட்டது 1799 அக்டோபர், எட்டயபுரம் அப்போ கும்பினி பக்கம் நின்னது, அது மறைக்க வேண்டிய விஷயமும் இல்ல. தீட்சிதர் செத்தது அதுக்கு 36 வருஷம் கழிச்சு. அதே சமஸ்தானம் தான் பாலுசாமி குடும்பத்தை வச்சுக் காப்பாத்துச்சு, பாலுசாமியோட பேரன் சுப்பராம தீட்சிதர் 1904ல சங்கீத சம்பிரதாய பிரதர்சினின்னு அத்தனை பெரிய புத்தகத்தை அச்சுல கொண்டாந்ததும் எட்டயபுரத்துல தான். அந்தப் புத்தகம் இல்லேன்னா தீட்சிதர் பாட்டுல பாதி நமக்குக் கிடைச்சிருக்காது.

பேரை எடுக்காதீங்க. "மகாராஜா"ன்னு கூப்பிட விடுங்க, ஒரு தடவ மட்டும் முழுப் பட்டத்தோட அறிவிங்க. கத்துறவன் கத்தட்டும், ரெண்டு நிமிஷத்துல பாட்டு வந்துரும். கட்டியங்காரனை விட்டு பதில் சொல்லி ஒரு கைதட்டு வாங்கின குரூப்பும் உண்டு.

நடிகர்கள் கொஞ்சம் பேரு தான் இருக்காங்க. தீட்சிதருக்கு சிஷ்யர்கள்னு ரெண்டு குடுமி வச்ச பையங்களை உக்கார வச்சா போதாதா?

என்னைக் கேட்டா இந்த மாதிரி நாடகங்கள்ல பெரிய சரித்திரத் தப்பு இது தான், போல்ட்டு தவிலெல்லாம் சும்மா. தீட்சிதர் சிஷ்யர்கள்னு சுப்பராம தீட்சிதர் காலத்துல இருந்து சொல்லி வார ஆட்கள்ல யாரு யாரு இருக்காங்கன்னு பாருங்க. திருவாரூர் கோயில்ல சுத்த மத்தளம் வாசிச்ச தம்பியப்பன், அவர் வயித்து வலிக்காகத் தான் "பிரஹஸ்பதே" பாடி நவக்கிரகக் கிருதி தொடங்கினாருன்னு கதை. தாசி குலத்துல பிறந்த கமலம், குரு வீட்டுல அரிசி இல்லேன்னதும் தன் தங்க வளையலை அடகு வைக்கேன்னு நின்னவங்க. தஞ்சை நால்வர், பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு, இன்னைக்குப் பரதநாட்டியம் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அவங்க போட்ட பாதையில தான் ஆடுது. இவங்களையெல்லாம் தள்ளிட்டு ரெண்டு குடுமியை உக்கார வச்சா ஒரு வரி பொய் சொல்லாமலே முழு நாடகமும் பொய்யாப் போயிரும்.

ஆளு பத்தலேன்னா ரெண்டு பேரு போதும்: ஒருத்தர் தம்பியப்பன், ஒருத்தர் கமலம். வளையல் சீன் ஒண்ணே பத்து நிமிஷம் தாங்கும். அவர் வளையலை வாங்க மாட்டேன்னுட்டு திருவாரூர் தியாகராஜர் மேல பாடுதாரு, சாமான் வந்து சேருது. மழைக் கதை மாதிரி இதுவும் வாய்வழி தான், அங்க சொன்ன முறை இங்கயும் செல்லும்.

நாயனக்காரங்களை அந்தக் காலத்துல மரியாதை இல்லாமப் பேசுனதை அப்படியே காட்டணுமா? சிலருக்கு மனசு கஷ்டமாகுதே.

காட்டணும், ஆனா யாரு கண்ணு வழியாக் காட்டுதீங்கங்கதுல இருக்கு. சட்டை போடாம, துண்டை இடுப்புல கட்டிட்டு வாசிக்கணும்னு எதிர்பாத்த காலம் அது. ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வச்சுக்கிட்டு, சட்டையும் ஷெர்வானியும் போட்டு வந்ததை அன்னைக்குப் பலரும் திமிருன்னாங்க. அந்த எதிர்பார்ப்பைக் காட்டாம ஷெர்வானியை மட்டும் காட்டினா ஏதோ பேஷன் மாதிரி ஆயிரும். வசவு வார்த்தையைக் கொட்டி ஜனத்தைச் சிரிக்க வைக்கிறது வேற, அது எனக்குப் பிடிக்காது. பபூன் வாயில அந்த வசனத்தைக் கொடுக்கவே கொடுக்காதீங்க.

வில்லன் இல்லாம நாடகம் எப்படி அண்ணே ஓடும்? பொறாமை பிடிச்ச ஒரு வித்வானை நாங்களா சேர்த்துக்கலாமா?

முதல் கேள்வியில சொன்ன உதாரணம் இதோ. நந்தனார் கதையில வார கொடுமைக்காரப் பண்ணை ஐயரு, நாப்பது வேலி நிலம், ஒரே ராத்திரியில விளைஞ்சது, இது எதுவும் சேக்கிழார் பெரியபுராணத்துல கிடையாது. கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டுல தன் கீர்த்தனைக்காகச் சேர்த்தது. இன்னைக்கு ஊர்ல நூறு பேரைக் கேட்டா நூறு பேரும் அது தான் நடந்துதும்பாங்க. கற்பனைக்கு அவ்வளவு பலம்.

வெளிநாட்டுலயும் இதே கூத்து தான். மொசார்ட்டை (1756-1791) சாலியேரி விஷம் வச்சுக் கொன்னாருன்னு ஒரு வதந்தி, அதை வச்சு ரஷ்யாவுல புஷ்கின் 1830ல ஒரு குட்டி நாடகம் எழுதினாரு, 1979ல லண்டன்ல அமேடியஸ்னு பெரிய நாடகம், அப்புறம் சினிமா. நாடகம்னு பாத்தா பிரமாதம். ஆனா நிஜ சாலியேரி பீத்தோவனுக்கும் ஷூபர்ட்டுக்கும் பாடம் சொன்னவரு, மொசார்ட் செத்த பிறகு அவர் மகனுக்கே சொல்லிக் கொடுத்திருக்காரு. மேடை ஏத்தின பழி அந்த மனுஷன் பேரோட ஒட்டிக்கிட்டு இன்னும் போகல.

அதனால நிஜப் பேர் உள்ள வித்வானை ஆதாரம் இல்லாம வில்லனாக்காதீங்க. பேர் இல்லாத கற்பனை ஆளை வையுங்க, இல்ல வறுமையையோ சாதியையோ வறட்சியையோ எதிர்ல நிறுத்துங்க, நம்ம கரிசக்காட்டுல அதுக்கெல்லாம் பஞ்சமே இல்ல.

தீட்சிதரை நம்ம நெல்லைத் தமிழ்ல பேச விடலாமா? ஜனம் ரசிக்கும்.

வேண்டாம், அவர் தஞ்சாவூர் சீமைக்காரர். அரண்மனைக் காவலாளி, வண்டிக்காரர், தண்ணி கொண்டு வார ஆளு இவங்க "என்னவே, சாமி எந்த ஊரு?"ன்னு பேசட்டும், ரெண்டு பேச்சும் மோதும்போது தான் சிரிப்பே வரும். எட்டயபுரம் ராஜா குடும்பம் தெலுங்கு வழி, ஒண்ணு ரெண்டு தெலுங்கு வார்த்தை அங்க போட்டுக்கலாம். காருகுறிச்சியாருக்கு நெல்லைத் தமிழ் தாராளமாக் கொடுங்க.

வாரிசுகள் கிட்ட அனுமதி வாங்கணுமா? பாட்டு, ரெக்கார்டு உரிமை எப்படி?

நான் வக்கீல் இல்ல, ஆனா பொதுவாத் தெரிஞ்சதைச் சொல்லுதேன். பொது ஆவணத்துல உள்ள விஷயத்தை எழுத யார் அனுமதியும் வேண்டாம்னு 1994ல ஆட்டோ சங்கர் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதேநேரம் செத்தவங்களைப் பத்தி குடும்பத்தார் மனசு புண்படணும்னே எழுதினா அவதூறுச் சட்டத்துல இடம் இருக்கு. சட்டத்தை விடுங்க, பேரன் பேத்தி பக்கத்து ஊர்ல இருக்கையில போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரது முறை. போனா பெட்டியில இருந்து ஒரு போட்டோவோ கடுதாசியோ வெளிய வரும், அது உங்களுக்குத் தான் லாபம்.

பழைய கீர்த்தனைக்கெல்லாம் உரிமைப் பிரச்சினை இல்ல. எழுத்துக்கும் மெட்டுக்கும் ஆசிரியர் செத்து 60 வருஷம், ஒலிப்பதிவுக்கு வெளியாகி 60 வருஷம். சினிமா பாட்டுல ரெக்கார்டு காலம் முடிஞ்சிருந்தாலும் பாட்டு எழுதினவர் உரிமை தனியா நிக்கும், அதைப் பாத்துக்கிடுங்க.

"இதில் வரும் சம்பவங்கள் கற்பனையே"ன்னு முதல்லயே மைக்ல சொல்லிட்டா எல்லாம் சரியாப் போயிருமே?

போகாது. அந்த அறிவிப்பு ஓடும்போது கூட்டம் சேரை இழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கும். நிஜப் பேரைப் போஸ்டர்ல பெருசா அடிச்சு டிக்கெட் வித்துட்டு உள்ள வந்து கற்பனைன்னா என்ன நியாயம்? நோட்டீஸ் பின்பக்கம் நாலு வரி போடுங்க: எது ஆதாரம் உள்ளது, எது வழிவழியா வார கதை, எது நாங்க சேர்த்தது. நம்ம ஜனம் வீட்டுக்குப் போய் நோட்டீஸை வாசிக்கும்.

ரெண்டு புத்தகம் ரெண்டு விதமாச் சொன்னா எதை எடுக்க? அண்ணாமலை ரெட்டியார் பிறந்த வருஷமே 1861ங்காங்க, 1865ங்காங்க.

கிட்டத்துல இருந்தவங்க சொன்னதுக்கு மதிப்பு ஜாஸ்தி, அதுக்காக அவங்க சொன்னதெல்லாம் வேதவாக்கும் இல்ல. சுப்பராம தீட்சிதரே பிறந்தது 1839ல, பெரிய தீட்சிதர் போய் நாலு வருஷம் கழிச்சு. அவர் எழுதினது வீட்டுல கேட்டது. ஆனாலும் நூறு வருஷம் கழிச்சு வந்த ஸ்தல புராணத்தை விட அது மேல்.

ரெட்டியார் விஷயத்துல வருஷத்தைச் சொல்லாமலே நாடகத்தை ஓட்டிரலாம். எப்படிப் பாத்தாலும் முப்பதை ஒட்டின வயசுலயே போயிட்டாரு, ஊத்துமலையில இருதாலய மருதப்பத் தேவர் ஆதரவுல இருந்தாரு, கழுகுமலை முருகன் மேல காவடிச்சிந்து பாடினாரு, தன் ஊர் பேரைப் பாட்டுக்குள்ளயே வச்சுட்டுப் போனாரு. நாடகத்துக்கு இவ்வளவு போதும். பிறந்தநாள் சீன் தான் வேணும்னா தொட்டிலை ஆட்டுங்க, காலண்டரை மாட்டாதீங்க.

ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு பதினஞ்சு நிமிஷ நாடகம் சார். அதுக்கும் இதெல்லாம் பாக்கணுமா?

பிள்ளைங்களுக்குத் தான் முக்கியமாப் பாக்கணும், அது மனசுல ஒட்டினா போகாது. ஒரே ஒரு சம்பவம் எடுங்க, வளையல் சீன் மாதிரி. பிறப்புல இருந்து சமாதி வரைக்கும் பதினஞ்சு நிமிஷத்துல ஓட்டினா எந்தப் பிள்ளைக்கும் வசனம் வராது, வேஷம் மாத்தவே நேரம் போயிரும்.

ஸ்கிரிப்ட் அனுப்பினா படிச்சுப் பாத்துச் சொல்லுவீங்களா?

அனுப்புங்க. கையெழுத்துல எழுதி போட்டோ பிடிச்சு அனுப்பாதீங்க, கண்ணு போகுது, டைப் பண்ணி அனுப்புங்க, ஒவ்வொரு சீனுக்கும் மேல வருஷமும் ஊரும் போட்டுருங்க. சித்திரை, வைகாசி கொடை சீசன்ல எல்லாரும் ஒரே நேரத்துல அனுப்புவீங்க, அப்போ பதில் வர லேட்டாகும். ஒத்திகை தொடங்கி வசனம் மனப்பாடம் ஆனதுக்கு அப்புறம் அனுப்பாதீங்க, அப்போ நான் தப்புன்னு சொன்னாலும் நடிகர் பழைய வசனத்தைத் தான் பேசுவாரு.